டி.எம்.எஸ். பாடல் தொகுப்பு வாங்கலாமா?

தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது ஜொகூர் பாரு ஜாலான் உங்கு புவான் பக்கம் போயிருக்கிறீர்களா? ராஜமாரியம்மன் ஆலயத்தைச் சுற்றியுள்ள கடைகளில் சேலையும் வளையலும், முறுக்கு அச்சும் மல்லிகைச் சரமும் மலைபோல் குவிந்திருக்கும். அந்தச் சந்தடிக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு கம்பீரமான ஆண்குரல் கேட்கும். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. சிவாஜி படமோ, எம்.ஜி.ஆர். படமோ, முருகன் பாட்டோ, எதுவாக இருந்தாலும் குரல் அவருடையதுதான். மதுரை தந்த டி.எம்.சௌந்தரராஜன்!

அந்தக் குரலைக் கேட்டதும் மனத்தில் ஒரு கேள்வி எழும். "அப்பாவுக்கு இவருடைய சிறந்த பாடல்களின் தொகுப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தால் என்ன?" நல்ல எண்ணம்தான். ஆனால் தொகுப்பென்று ஒன்றா இரண்டா? இருபது பாட்டுக் குறுந்தட்டு இருக்கிறது. நூற்றைம்பது பாட்டுகளை ஒரே தட்டில் அடைத்தது இருக்கிறது. கட்டைவிரல் அளவுப் பென்டிரைவ் இருக்கிறது. பழைய வானொலிப் பெட்டி போன்ற தோற்றத்தில் ஐயாயிரம் பாடல்களைச் சுமக்கும் கருவியும் வந்துவிட்டது. இவற்றுள் எதை வாங்குவது? இல்லை, வாங்கத்தான் வேண்டுமா? கைப்பேசியில் தேடினால் காசில்லாமல் எல்லாம் கேட்கிறதே என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் யாருக்காக வாங்குகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ரெங்கத்திலும் லாயாங் லாயாங்கிலும் குளுவாங் வட்டாரத்திலும் பால்மரம் வெட்டிய தலைமுறை இன்று ஸ்கூடாயிலும் மாசாயிலும் பாசிர் கூடாங்கிலும் அடுக்குமாடி வீடுகளில் உட்கார்ந்திருக்கிறது. லயத்தைக் காலி செய்து கொண்டு வந்தபோது இசைத்தட்டுப் பெட்டி வரவில்லை. வந்தாலும் நம் நாட்டு ஈரக்காற்றில் தட்டிலும் ஒலிநாடாவிலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. எண்பது வயதில் ஒரு மனிதருக்கு அவருடைய பாட்டைத் திரும்பக் கொடுக்கப் போகிறோம். தப்பான பொருளை வாங்கிக் கொடுத்தால் அவர் வாய்விட்டுக் குறை சொல்லமாட்டார். இரண்டு நாள் கேட்டுவிட்டு மேசை மேல் வைத்துவிடுவார். அது ஒருபோதும் திரும்பப் பாடாது.

முதலில், 'சிறந்த பாடல்கள்' என்று தட்டுப் போடும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்கக் கம்பெனிகள் இதில் முன்னோடிகள். ஜானி மாத்திஸ் என்ற பாடகரின் 'ஜானிஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' 1958-இல் வெளியாகி, விற்பனைப் பட்டியலில் 490 வாரம் இடம் பிடித்திருந்தது. அதே 1958-இல் ராக் அண்ட் ரோல் மன்னர் எல்விஸ் பிரெஸ்லிக்கும் 'கோல்டன் ரெக்கார்ட்ஸ்' என்ற தொகுப்பை அவருடைய கம்பெனி போட்டது. 1976-இல் வந்த 'ஈகிள்ஸ்' குழுவின் தொகுப்புக்கு அமெரிக்காவில் மட்டும் 3 கோடியே 80 லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழ் 2018-இல் வழங்கப்பட்டது. ஏற்கெனவே செலவு செய்து பதிவு செய்த பாட்டு. அதை மீண்டும் விற்கிறார்கள். கம்பெனிக்கு இதைவிட லாபமான வியாபாரம் வேறென்ன?

வெள்ளைக்காரப் பாடகரின் தொகுப்பில் ஒரு வசதி உண்டு. பாட்டு அந்தப் பாடகருக்கென்றே பிறந்தது. நம் பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் நடத்திய 'அலிகேட்ஸ்' குழுவை எடுத்துக் கொள்ளுங்கள். தலை நிறையச் சுருள்முடியோடு மேடையேறி, மலாய்ப் பாட்டால் நாட்டையே கட்டிப் போட்டவர்கள். லோகநாதன் 2007-இல் காலமானார். அவர்களுடைய தொகுப்பு ஒன்றை வாங்கினால் அந்தக் குழு முழுவதும் உங்கள் கையில் வந்த மாதிரி. சினிமாப் பாட்டு அப்படியில்லை. அது படத்துக்குச் சொந்தம், இசையமைப்பாளருக்குச் சொந்தம், கவிஞருக்குச் சொந்தம், திரையில் வாயசைத்த நடிகருக்கு எல்லாரையும்விட அதிகமாகச் சொந்தம். பாடியவருக்கு மிச்சம் என்ன? ஆகவே பின்னணிப் பாடகர் ஒருவரின் தொகுப்பு என்றால், இந்த எல்லாச் சொந்தக்காரர்களையும் விலக்கிவிட்டு அந்தக் குரலை நமக்குக் காட்டுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். டி.எம்.எஸ். தொகுப்புகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

இரண்டு மன்னர்கள், ஒரு குரல்

டி.எம்.எஸ். 1922 மார்ச் 24-இல் மதுரையில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். எம்.கே.தியாகராஜ பாகவதரின் குரல் தமிழகத்தை ஆண்டு கொண்டிருந்த காலம் அது. இளைஞர் சௌந்தரராஜனும் பாகவதர் பாணியில்தான் பாடினார். கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையில் 'கிருஷ்ண விஜயம்' படத்துக்காகப் பாடினார். அந்தப் படம் 1950-இல்தான் வெளிவந்தது. அந்தப் பாட்டைக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு பாகவதர் என்று சத்தியம் செய்துவிடுவீர்கள்!

அவருக்கென்று ஒரு பாதை திறந்தது 1954-இல். அந்த ஒரே ஆண்டில் இரண்டு படங்கள். எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையமைத்த 'மலைக்கள்ளன்' படத்தில் எம்.ஜி.ஆருக்குப் பாடினார். ஜி.ராமநாதன் இசையமைத்த 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜிக்குப் பாடினார். 'பராசக்தி'யில் சிவாஜிக்குக் குரல் கொடுத்தவர் சி.எஸ்.ஜெயராமன். ஆகவே புதியவர் ஒருவரைப் பாட வைப்பதில் தயக்கம் இருந்தது. டி.எம்.எஸ். சிவாஜி பேசும் முறையை, அவர் தொண்டையிலிருந்து சொல் எழும் விதத்தைக் கவனித்து, அதற்கேற்பப் பாடிக் காட்டினார். அத்துடன் தயக்கம் தீர்ந்தது. அந்தப் படத்தின் 'ஏறாத மலைதனிலே'யை இன்று கேட்டாலும் சிவாஜியே நேரில் நின்று பாடுவது போலிருக்கும்.

அதன்பின் இருபது ஆண்டுக்கு மேல் நடந்தது உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்குமா என்பது சந்தேகம். தமிழ் ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டினாலும், நகரத்துக் கொட்டகையில் காட்டினாலும், சிவாஜி ரசிகன் எம்.ஜி.ஆர். ரசிகனோடு மோதாத நாளில்லை. ஆனால் இரு தரப்பும் கேட்டது ஒரே தொண்டையை! சிவாஜிக்கு நெஞ்சிலிருந்து கனமாக எழும், எம்.ஜி.ஆருக்கு வரும்போது குரல் சற்று மேலேறி, இலேசாகி, கணீரென்று ஒலிக்கும். படம் பார்க்காதவர்கூடப் பாட்டின் முதல் சொல்லைக் கேட்டே, இது யாருக்கு என்று சொல்லிவிடுவார். மேக்கப் போடாமல், திரையில் முகம் காட்டாமல், வெறும் குரலால் செய்த நடிப்பு இது.

இப்போது கடையிலுள்ள தொகுப்பின் அட்டையைப் பாருங்கள். 'சிவாஜி ஹிட்ஸ்', 'எம்.ஜி.ஆர். ஹிட்ஸ்', 'தத்துவப் பாடல்கள்'. டி.எம்.எஸ். பெயரிலேயே வரும் தொகுப்பும் பெரும்பாலும் இந்த மூன்றையும் கலந்து கொடுத்ததாகவே இருக்கும். அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து எழுபதுகளின் நடுப்பகுதி வரை விஸ்வநாதன்-ராமமூர்த்தியும், 1965-இல் அவர்கள் பிரிந்த பிறகு எம்.எஸ்.விஸ்வநாதனும், கே.வி.மகாதேவனும் இசையமைத்தவை. கண்ணதாசனும் வாலியும் எழுதியவை. அருமையான பாட்டுகள்தான், மறுக்கவில்லை. ஆனால் இவற்றை நாம் வானொலியில் ஆயிரம் முறை கேட்டாயிற்று. மின்னல் எஃப்.எம்.மில் கேட்கிறோம், ஜொகூர் பாருவில் இருப்பவர்கள் கடல் கடந்து வரும் சிங்கப்பூர் ஒலி 96.8-லும் கேட்கிறோம். காசு கொடுத்து வாங்குகிற தொகுப்பு, வானொலி தராததையும் கொஞ்சம் தர வேண்டாமா?

விட்டுப் போகிறவை

எந்தத் தொகுப்பை எடுத்தாலும் முதலில் ஜி.ராமநாதனைத் தேடுங்கள். 'தூக்குத் தூக்கி' இருக்கிறதா? 'அம்பிகாபதி' (1957) படத்தின் 'சிந்தனை செய் மனமே' இருக்கிறதா? டி.எம்.எஸ். குரலில் சங்கீதம் முழு வீச்சில் நின்ற காலம் அது. மேல் ஸ்தாயியில் கம்பியைப் போல் நிற்கும், சறுக்காது, நடுங்காது. ராமநாதன் 1963-இல் மறைந்தார். அவர் இசையில் வந்த பாட்டு ஒன்றுகூட இல்லாத தொகுப்பு, வாசல் இல்லாத வீடு மாதிரி.

ராமநாதன் என்றால் கர்நாடக சங்கீதம் மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். எல்விஸின் தொகுப்பு வெளியான அதே 1958-இல் நம்மவர் என்ன செய்தார் தெரியுமா? 'உத்தமபுத்திரன்' படத்தில் 'யாரடி நீ மோகினி' என்று ஒரு ராக் அண்ட் ரோல் பாட்டையே போட்டார்! பாடியவர் டி.எம்.எஸ்.; உடன் பாடகியரும் சேர்ந்து கொண்டார்கள். ராஜா காலத்துக் கதை, அரண்மனை, கிரீடம்; அதன் நடுவே மேல்நாட்டு ஆட்டப் பாட்டு. அபத்தம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கொட்டகையில் ஆடித் தீர்த்தார்கள். அப்பாவிடம் இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். முழங்கால் வலியை மறந்து காலால் தாளம் போடுவார்.

இன்னொன்று, 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தின் 'அவளுக்கென்ன'. எல்.ஆர்.ஈஸ்வரியோடு பாடியது. இந்தப் பாட்டில் படக்கருவி ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்து விடுகிறது. வாத்தியக்காரர்கள், நடத்தும் விஸ்வநாதன், ஒலிவாங்கி முன்னால் டி.எம்.எஸ்., எல்லாரையும் திரையில் பார்க்கலாம். பாட்டு எப்படிப் பிறக்கிறது என்று தமிழ் ரசிகர்களுக்குக் காட்டிய அபூர்வமான காட்சி. பாட்டுத் தட்டில் காட்சி வராதுதான். ஆனால் வாத்திய முழக்கத்தின் மேல் குரல் ஏறி நிற்பதைக் காதால் கேட்டாலே போதும். அதற்கு நேர் எதிராக 'சாந்தி' (1965) படத்தின் 'யார் அந்த நிலவு'. அதட்டிப் பாடியே பெயர் வாங்கியவர், பக்கத்திலிருப்பவர் காதில் சொல்வது போல் மெதுவாகப் பாடியிருப்பார். 'டி.எம்.எஸ். என்றால் முழக்கம்' என்பவர்கள் இதைக் கேட்டபின் பேசட்டும்.

முருகன் பாடல்களுக்கு வருவோம். இவை சினிமாவில் இடம்பெறாத தனிப் பாடல்கள். பலவற்றுக்கு அவரே மெட்டமைத்தார். 'உள்ளம் உருகுதையா' ஆண்டவன் பிச்சை என்ற அம்மையார் எழுதியது. 'கற்பனை என்றாலும்' பாட்டுக்குப் பின்னால் ஒரு கதையே உண்டு. அதை எழுதியவர் அப்போது ஸ்ரீரங்கத்தில் இருந்த ஓர் இளைஞர். ஒரு தபால் அட்டையில் எழுதி டி.எம்.எஸ்.ஸுக்கு அனுப்பினார். முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பிய அட்டையைத் தூக்கி எறியாமல், மெட்டமைத்துப் பாடினார் அவர். அந்த இளைஞர்தான் பின்னாளில் கவிஞர் வாலி! தைப்பூசத்தன்று காவடி செல்லும் பாதையில், தண்ணீர்ப் பந்தல் தவறாமல் இந்தப் பாட்டுகளைக் கேட்கிறோமே, இவைதான் நடிகர் யாருடைய சாயலும் படாத டி.எம்.எஸ். குரல். ஆனால் கம்பெனிகள் இவற்றைப் 'பக்தி' என்று தனி அலமாரியில் வைத்துவிடும். சிறந்த பாடல் தொகுப்பில் சேராது. அதனால் தனியாக இன்னொன்று வாங்க வேண்டி வரும். வியாபாரம் அப்படி.

'பட்டினத்தார்' (1962), 'அருணகிரிநாதர்' (1964) ஆகிய படங்களில் அவரே கதாநாயகனாக நடித்துப் பாடினார். 'முத்தைத்தரு' திருப்புகழை அந்த வேகத்தில், சொல் சிதறாமல் பாட முயன்று பாருங்கள்; நாக்கு சுளுக்கிக் கொள்ளும்.

கடைசிக் கட்டம் சற்று வருத்தமானது. 1969-இல் 'அடிமைப் பெண்' படத்தில் எம்.ஜி.ஆருக்கு எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாடினார். 1974-இல் 'உரிமைக்குரல்' படத்தில் ஜேசுதாசும் பாடினார். 1976-இல் இளையராஜா 'அன்னக்கிளி'யோடு வந்தார். அந்தப் படத்தில் டி.எம்.எஸ்.ஸுக்கும் ஒரு பாட்டு உண்டு என்பது பலருக்கு நினைவில்லை. 1977-இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சராகி நடிப்பை விட்டார். 1980-இல் டி.ராஜேந்தரின் 'ஒருதலை ராகம்' படத்தில், ராசியில்லாதவன் என்று தன்னைத்தானே நொந்து கொள்ளும் பாட்டைப் பாடினார். அப்போது வயது ஐம்பத்தெட்டு. படத்தில் பாடுபவன் கல்லூரி மாணவன்! பாட்டு எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலெல்லாம் ஒலித்தது. அதன் பிறகு வாய்ப்பு வேகமாகக் குறைந்தது. பாட்டின் சொல் பலித்துவிட்டது என்று ஊரார் பேசினார்கள். பலித்ததோ இல்லையோ, எழுபதுகளோடு நின்றுவிடும் தொகுப்பில் இந்தக் கதை பாதியில் அறுந்து போகிறது. 2003-இல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். 2010 செம்மொழி மாநாட்டுப் பாட்டிலும் அவர் குரல் உண்டு. 2013 மே 25-இல் சென்னையில் காலமானார்.

வாங்குமுன் பார்க்க வேண்டியது

இனிப் பணப்பை விஷயம். மாசாயில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகள் பசார் மாலாமில் பத்து வெள்ளிக்குள் ஒரு தட்டு வாங்கி வந்து, ஆசையாகப் போட்டுக் காட்டினாள். ரெங்கத்தில் பால் வெட்டிய அந்தப் பெரியவர் அரை நிமிடம் கேட்டார்.

"யாரும்மா இது பாடுறது?"

"டி.எம்.எஸ். தானப்பா. அட்டையில போட்டிருக்கே."

"நம்ம ஆளு மாதிரிதான் பாடுறான். ஆனா நம்ம ஆளு இல்லையேம்மா!"

அவர் சொன்னது சரி. வேறொரு பாடகர், வேறு வாத்தியக் குழுவை வைத்துப் பாடிய மறுபதிவு அது. அட்டையில் டி.எம்.எஸ். படம் பெரிதாக இருந்தது. பாடியவர் பெயர் எறும்பு அளவில்கூட இல்லை. இப்படிப்பட்ட தட்டுகள் நிறைய உலவுகின்றன. பழைய குரலை வைத்துக் கொண்டு புதிய தாளக் கருவியை 'டம் டம்' என்று ஒட்டியவையும் உண்டு. இதைத் தெரிந்து கொள்ள ஒரு வழி, அட்டையின் பின்புறம். ஒவ்வொரு பாட்டுக்கும் படத்தின் பெயர், ஆண்டு, இசையமைப்பாளர், கவிஞர் பெயர் அச்சாகியிருந்தால் பெரும்பாலும் நம்பலாம். வெறும் பாட்டு வரிசை மட்டும் இருந்தால் யோசியுங்கள். சீர்காழி கோவிந்தராஜன் பாட்டையும் கண்டசாலா பாட்டையும் டி.எம்.எஸ். கணக்கில் எழுதிவிட்ட தொகுப்புகளும் உண்டு. பின்னால் இருக்கும் வரிசையில் அப்படி ஒன்று கண்ணில் பட்டாலும் கீழே வைத்துவிடுங்கள். தொகுத்தவருக்குக் காது இல்லை என்று பொருள்.

ஏன் இப்படி ஆளாளுக்குத் தொகுப்புப் போடுகிறார்கள்? சட்டத்திலும் காரணம் இருக்கிறது. ஒலிப்பதிவின் உரிமை இந்தியாவில் வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. மலேசியாவில் 50 ஆண்டு. ஆகவே 1964 வரை வெளியான பதிவுகளுக்கு இந்தியாவிலும் 2025 பிறந்தபோது காலக்கெடு முடிந்துவிட்டது. பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்கும் உரிமைக் கணக்கு வேறு. பதிவு பொதுவானபின், நல்ல மூலப் பிரதியிலிருந்து எடுத்தவரும் விற்கலாம், தேய்ந்த ஒலிநாடாவிலிருந்து எடுத்தவரும் விற்கலாம். மூலப் பிரதிகளின் பெரும்பகுதி பழைய எச்.எம்.வி. கம்பெனியிடம் இருந்தது. அதுதான் 2000-இல் 'சரிகம' என்று பெயர் மாற்றிக் கொண்டது. எல்லாப் பாட்டும் அவர்களிடம் இல்லை; சில படங்களின் இசை வேறு கம்பெனிகளிடம் போனது. ஒரே கம்பெனியின் தொகுப்பில் நீங்கள் தேடும் ஒரு பாட்டு இல்லாமல் போனால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

'ஸ்டீரியோ' என்று பெரிதாகப் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். ஐம்பது, அறுபதுகளின் தமிழ்ப் பாட்டுகள் ஒற்றை ஒலித்தடத்தில் பதிவானவை. இரண்டாகப் பிரித்துக் காட்டினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகும். பழையது பழையபடியே இருக்கட்டும்.

நீளத்தையும் கவனியுங்கள். அந்தக் காலத்து 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் இடம். பாட்டு நீண்டால் இரண்டு பக்கமாக உடைப்பார்கள்; இல்லையேல் தொகையறாவை வெட்டுவார்கள். பின்னால் வந்த 45 சுற்றுச் சிறு தட்டில் நான்கு பாட்டு, அறுபது நிமிட ஒலிநாடாவில் பதினைந்து, குறுந்தட்டில் இருபது. இட நெருக்கடி தீர்ந்துவிட்ட இந்தக் காலத்திலும், பழைய தட்டில் வெட்டியதை அப்படியே தொகுப்பில் போடுகிறவர்கள் உண்டு. படத்தில் கேட்ட தொகையறா தட்டில் இல்லையே என்று பெரியவர்கள் சொன்னால், அவர்கள் ஞாபகம் பிசகிவிட்டது என்று சிரிக்காதீர்கள். ஞாபகம் சரி, தட்டுதான் குறை.

சரி, கைப்பேசி இருக்க எதற்கு வாங்க வேண்டும்? உங்களுக்கு என்றால் நான் வாங்கவே சொல்லமாட்டேன். இருபது பாட்டுக் குறுந்தட்டு வாங்குவது இன்று வீண் செலவு. அதைப் போட்டுக் கேட்கும் கருவியே பல வீடுகளில் இல்லை. கைப்பேசியில் தேடத் தெரிந்தவருக்கு மேலே சொன்ன படப் பெயர்களும் ஆண்டுகளும் போதும். ஆனால் எழுபது, எண்பது வயதுக்காரருக்குக் கைப்பேசி சரிப்படாது. பாட்டு நடுவில் விளம்பரம் குறுக்கிடும். விரல் தவறிப் பட்டால் வேறெங்கோ போய் நிற்கும். அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும். 'அந்தச் சனியனை எடுத்துக்கிட்டுப் போ' என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அவருக்கு ஏற்றது திருகும் குமிழும் தெளிவான பொத்தானும் உள்ள கருவி. சரிகம நிறுவனம் 2017-இல் அறிமுகப்படுத்திய 'கேரவான்' அந்த வகைதான். தமிழ்ப் பெட்டியில் 5,000 பாட்டு, எஃப்.எம். வானொலியும் உண்டு, பென்டிரைவ் செருகவும் வசதி உண்டு. விலை சற்றுக் கடிக்கும் என்பது உண்மை. அண்ணன் தம்பி, அக்கா தங்கை நான்கு பேர் சேர்ந்து பங்கு போட்டு வாங்கினால் தீபாவளிப் பரிசு முடிந்தது. அதிலும் ஒரு குறை சொல்வேன்: நாம் விரும்பும் பாட்டை நினைத்தவுடன் எடுக்க முடியாது. வரிசையில் அதுவாக எது வருகிறதோ அதைக் கேட்க வேண்டும். வானொலியோடு வளர்ந்தவர்களுக்கு இது ஒரு குறையாகப் படுவதில்லை. அடுத்து என்ன வரும் என்று காத்திருப்பதே அவர்களுக்குப் பழகிய சுகம்.

அவ்வளவு செலவு முடியாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. பென்டிரைவ் போடும் வசதியுள்ள சிறிய வானொலிப் பெட்டி ஒன்றும், முறையாகக் காசு கொடுத்து இறக்கிய முப்பது நாற்பது பாட்டுமே போதும். பட்டியலை நீங்களாகப் போடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, தாளும் பேனாவுமாக அப்பா பக்கத்தில் உட்காருங்கள். அவர் பாட்டின் பெயரைச் சொல்லமாட்டார். 'குளுவாங்கில பார்த்தோமே, குதிரையில வருவானே ரஞ்சன், அந்தப் படம்' என்பார். நீங்கள்தான் அது 1957-இல் வந்த 'நீலமலைத் திருடன்', கே.வி.மகாதேவன் இசை, பாட்டு 'சத்தியமே லட்சியமாய்' என்று கண்டுபிடித்து எழுதிக்கொள்ள வேண்டும். அம்மா அடுக்களையிலிருந்து இன்னொன்றைச் சொல்வார், அது பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடியதாக இருக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சண்டை வேண்டாம்.

பென்டிரைவில் போடும்போது பிரதி ஒன்று எடுத்து அலமாரியில் வையுங்கள். முதல் பிரதி எப்படியும் சட்டைப் பையோடு துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் போய்விடும்.